செப்புத் தகட்டில் ஓர் அச்சுக்கலை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் வாலிபர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குப் புதியது. மின்சுற்றுப் பலகையொன்றை வீட்டிலேயே எவ்வாறு செய்துகொள்வது என்பதே அது. சமய நிலையத்தில் திராவகமும் செப்புத் தகடுமா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். செம்பு எமது சமயத்துக்குப் புறம்பானதன்று. ஆணவ மலம் ஆன்மாவை அநாதியே பற்றி நிற்பதற்குச் சித்தாந்த ஆசிரியர்கள் காட்டும் உவமை செம்பிற் களிம்பேயாம். அக்களிம்பு பின்னர் வந்து ஒட்டியதன்று, செம்புடன் உடன்பிறந்தது என்பது சித்தாந்திகள் கொள்கை. காற்றும் ஈரமும் பட்ட பின்னரே அஃது உண்டாகிறது என்பது இரசாயன நூலார் கொள்கை. அந்த வழக்கைத் தீர்க்க நாம் இங்கே வரவில்லை. களிம்பை நீக்காமற் செம்பில் ஒரு வேலையும் நடவாது என்ற அளவில் இரு சாராரும் ஒத்துக்கொள்வர். எமக்கு இன்று அதுவே போதும்.

எந்த வானொலிப் பெட்டியையாவது, கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவியையாவது திறந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பலகை இருக்கும். ஒரு பக்கத்தில் உறுப்புகள் நிற்கும். மறுபக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து செல்லும் செப்புக் கோடுகள் இருக்கும். அக்கோடுகளே கம்பிகளின் வேலையைச் செய்கின்றன. அவற்றின் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்குரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை ஏறக்குறைய முப்பதாய்க் கூறிட்டால் அதில் ஒரு கூறு. முற்காலத்து வால்வு றேடியோவைக் கழற்றிப் பார்த்த பெரியோர் இச்சபையில் இருப்பார்கள். அதன் அடிப்பக்கம் இடியப்பத் தட்டுப்போலக் கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியும் ஒரு தொழிலாளியின் கையால் வெட்டி, வளைத்து, பற்றாசு வைக்கப்பட்டது. ஒன்றை இடம்மாறி ஒட்டினாற் பெட்டி ஊமையாகிவிடும்.

இந்தக் கம்பிக் காட்டை அச்சுக்கலையினால் ஒழிக்கலாம் என்று கண்டவர்களுள் முதன்மையானவர் போல் ஐஸ்லர் என்பவர். 1907இல் வியன்னா நகரிற் பிறந்த யூதர், பொறியியலாளர், பத்திரிகைத் தொழிலோடும் அச்சகத்தோடும் பழகியவர். தாய்நாட்டில் யூதருக்கு வாழ்வு அடைபட்டு வந்த காலத்தில், 1936இல், இங்கிலாந்துக்குச் சென்றார். லண்டனில் ஒரு தங்குமிட அறையில் இருந்துகொண்டே, தாம் அச்சிட்ட சுற்றை வைத்து ஒரு வானொலிப் பெட்டியைச் செய்தார். அதை ஒரு பெரிய நிறுவனத்திற்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, கம்பி ஒட்டுவதற்குப் பெண்களை அமர்த்துவதே இதனிலும் மலிவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். 1940இல் அவரை எதிரிநாட்டவர் என்று சிறிது காலம் தடுத்தும் வைத்தார்கள். பின்னர் அவருக்குக் கைகொடுத்தது இசைக் குறியீட்டு நூல்களை அச்சிட்டு வந்த ஓர் அச்சகம்! 1943இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் திரான்சிஸ்டர் வானொலியில் அச்சிட்ட சுற்றுப் பலகையே இருந்தது. ஐஸ்லர் 1992 வரை வாழ்ந்து, தம் பலகை உலகெங்கும் பரவியதைக் கண்ணாற் கண்டார்.

அச்சகத்தார் இதற்கு உதவினர் என்பது தற்செயலன்று. நூல் அச்சிடும்போது மை பட்ட இடத்தில் எழுத்து நிற்கிறது. இங்கே மை பட்ட இடத்திற் செம்பு நிற்கிறது. மை படாத இடத்துச் செம்பைத் திராவகம் உண்டுவிடுகிறது. தத்துவம் ஒன்றே. நாவலர் பெருமான் 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய வரலாற்றை நாம் ஆண்டுதோறும் அவர் குருபூசையிற் கேட்கிறோம். மிஷனரிமார் அச்சியந்திரத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். பார்த்து வியந்ததோடும் நில்லாமல், வெறுத்ததோடும் நில்லாமல், அதே யந்திரத்தைத் தம் சமயத்துக்கும் தமிழுக்கும் ஆக்கிக்கொண்டார். மிஷன் பாடசாலையிற் படித்துவிட்டு இந்து வாலிபர் சங்கத்திற் பேச வந்திருக்கும் எம்மைப் போன்றோருக்கு அவ்வரலாறு தனியான ஆறுதல் தருகிறது. அவரும் மிஷன் பாடசாலையிற் படித்தவரே.

இனிச் செய்முறைக்கு வருவோம். கேட்போர் மனத்தில் ஓர் உருவம் நிற்கவேண்டும் என்பதற்காக, மேலேயுள்ள தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் ஒலியெழுப்பும் ஒரு சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். பம்பைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி வழிந்து முற்றம் வெள்ளமாகும் வீடுகள் எம் ஊரில் அநேகம். வேண்டிய உறுப்புகள் சிலவே: 9 உவோற்று மின்கலம் ஒன்று, பிசி 547 எனும் திரான்சிஸ்டர் ஒன்று, 10,000 ஓம் தடை ஒன்று, ஒலியெழுப்பும் சிறு பசர் ஒன்று. தாங்கியின் விளிம்பருகே இரு கம்பிகளைச் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிடுகிறோம். ஒன்று மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வருவது; மற்றையது தடையினூடாகத் திரான்சிஸ்டரின் அடிவாய்க்குச் செல்வது. நீர் ஏறி இரண்டையும் தொட்டவுடன் மிகச் சிறிய மின்னோட்டம் நீரினூடாகப் பாயும். அது ஓர் அம்பியரின் இலட்சத்திற் சில பங்கே. அதைத் திரான்சிஸ்டர் நூறு மடங்குக்கு மேற் பெருக்க, பசர் கத்தும். நீரில் உப்பு அதிகமாயின் மின் இன்னும் எளிதாகப் பாயும். எம் கிணறுகளின் உவர்ப்பு ஒருவருக்காவது பிரயோசனப்படுவது இங்கேதான்.

முதலிற் படம் வரையவேண்டும். கட்டக் கொப்பித் தாளிற் பென்சிலால் வரையலாம். கணினி உள்ளவர்கள், 1992இல் ஒரு பிரான்சு நாட்டு ஆசிரியர் தொடங்கிய கிகாட் எனும் நிரலைக் காசின்றி எடுத்துப் பாவிக்கலாம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் எல்லா உறுப்புகளையும் இணைப்பதே இவ்வித்தையின் சுவை. சதுரங்கம் ஆடுபவர்களுக்கு இது பிடிக்கும். வழி கிடையாவிட்டால் உறுப்புப் பக்கத்தில் ஒரு சிறு கம்பித் துண்டைப் பாலமாக இட்டுக் கடந்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, பெரிய தொழிற்சாலைகளும் அதைச் செய்திருக்கின்றன. வீட்டு வேலைக்குக் கோடு அரை மில்லிமீற்றருக்குக் குறையாமலும், இரு கோடுகளுக்கிடையே அதேயளவு வெளி இருக்கும்படியும் வரைவது நலம். மற்றொன்று: பயன்படாத வெற்றிடங்களை எல்லாம் செம்பாகவே விட்டு, மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்த்துவிடுங்கள். கரைக்கவேண்டிய செம்பு குறையும். இதன் அருமை சற்றுப் பின்னர் விளங்கும்.

படத்தை லேசர் அச்சுப்பொறியில் அல்லது போட்டோப் பிரதிக் கடையில், வழுவழுப்பான சஞ்சிகைத் தாளில் அச்சிடவேண்டும். மை தெளிக்கும் அச்சுப்பொறி உதவாது. ஏனெனில் லேசர் பொறியின் மை உண்மையில் மையன்று. நுண்ணிய பிளாஸ்டிக்குத் தூள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டியிருக்கும் அத்தூளை மறுபடியும் சூடாக்கி உருக்கிச் செம்பில் ஒட்டச்செய்வதே எமது தந்திரம். தாளிற் கடிதமுகமோ விளம்பரமோ முன்னரே அச்சாகியிருந்தாற் பாதகமில்லை. பத்திரிகை மை பெயர்ந்து வராது. தாளிலிருந்து தகட்டுக்குப் போகும்போது படம் இடம்வலம் மாறும் என்பதை மறவாதீர்கள். பலகையை உறுப்புப் பக்கமிருந்து பார்ப்பதுபோல வரைந்தவர் அப்படியே அச்சிடலாம். செப்புப் பக்கமிருந்து பார்ப்பதுபோல வரைந்தவர் கண்ணாடி விம்பமாக மாற்றி அச்சிடவேண்டும். ஐயமிருந்தாற் படத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தை எழுதி வையுங்கள். முடிந்த பலகையைச் செப்புப் பக்கமாகத் திருப்பியதும் அவ்வெழுத்து நேராக நிற்கவேண்டும்.

தகடு இரண்டு வகைப்படும். பழுப்பு நிறத் தகடு கடதாசியையும் பிசினையும் அழுத்திச் செய்தது. வெளிறிய பச்சை அல்லது மஞ்சள் நிறமானது கண்ணாடி நாரினாற் செய்தது. பின்னையது உறுதி மிக்கது. ஆயினும் முதல் வேலைக்குப் பழுப்புத் தகட்டையே நாம் சிபாரிசு செய்கிறோம். கண்ணாடி நார் துளையூசியை விரைவில் மழுக்கிவிடும். அதன் தூளைச் சுவாசித்தாற் சுவாசப்பைக்குக் கேடு. எதை வெட்டினாலும் துளைத்தாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.

இனிக் களிம்பு. செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்கும் அம்மாமார் இதில் எமக்குக் குரு. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். அதன் பின் நுண்ணிய உருக்குப் பஞ்சினால் மெல்லத் தேய்த்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, துடைத்து உலர்த்தி, மதுசாரத்தில் தோய்த்த துணியால் ஒருமுறை ஒற்றினால் தகடு புதுக்காசுபோல மின்னும். இதன் பின்னர் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் அச்சு ஒட்டாது.

அச்சிட்ட தாளைப் படம் கீழாகத் தகட்டின் மேல் வைத்து, நன்கு சூடேறிய இஸ்திரிப் பெட்டியால், நீராவியின்றி, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை அழுத்தவேண்டும். சட்டை மினுக்குவதுபோல இழுக்கவேண்டாம். பாரத்தை வைத்து அழுத்தி எடுத்து, மீண்டும் அழுத்துங்கள். சூடாறிய பின் வெந்நீரிற் பத்து நிமிடம் ஊறவிட்டு, தாளைப் பெருவிரலால் உருட்டி உருட்டி நீக்கினாற் கறுத்த கோடுகள் செம்பில் நிற்கும். விட்டுப்போன இடங்களை அழியாத மைப் பேனாவால் நிரப்பலாம். எமது தண்ணீர்த் தாங்கிக் கருவி போன்ற சிறு பலகைக்கு அச்சுப்பொறியே வேண்டியதில்லை. அந்தப் பேனாவாலேயே நேரடியாகத் தகட்டில் வரைந்துவிடலாம். தங்கையரின் நகப்பூச்சும் நன்கு உதவும் என்பதை அவர்கள் இல்லாத இடத்திற் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது கரைத்தல். வழமையாகப் பாவிப்பது பெரிக்குக் குளோரைட்டு. மஞ்சட் கட்டிகளாக விற்கப்படும் நீரேற்றிய வகையில் 500 கிராமை ஒரு லீற்றர் நீரிற் கரைத்தாற் போதும். நீரேறாத கரிய தூளாயின் அது நீரிற் சேரும்போது கடுஞ்சூடு பிறக்கும். ஆதலாற் சிறிது சிறிதாக நீருக்குள் அதை இடவேண்டுமேயன்றி, அதன்மேல் நீரை ஊற்றவே கூடாது. பாத்திரம் பிளாஸ்டிக்கு அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். இத்திரவம் செம்பை மட்டுமன்று, எவர்சில்வரையும் அரிக்கும். உடுப்பிற் பட்டால் அக்கறை உடுப்போடுதான் போகும். கையுறையும் கண்ணாடிக் காப்பும் இன்றி இதைத் தொடாதீர்கள். சமையற் பாத்திரம் எதையும் இதற்கு எடுத்துவிட்டுத் திரும்பச் சமையலுக்கு வைக்காதீர்கள்.

திரவம் 40 முதல் 50 பாகை வரை வெதுவெதுப்பாக இருந்தால் வேலை விரைவாகும். அடுப்பில் வைக்கவேண்டாம், சுடுநீர் ஊற்றிய பெரிய தட்டொன்றினுள் இச்சிறு தட்டை வைத்தாற் போதும். தகட்டை இட்டு, தொட்டிலாட்டுவதுபோல மெல்ல ஆட்டிக்கொண்டிருங்கள். முதலிற் செம்பின் மினுக்கம் போய் மங்கும். பின்னர் ஓரங்களிலிருந்து கரைந்து அடிப்பலகை தெரியத் தொடங்கும். நல்ல திரவமாயின் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்தும் தகட்டை உள்ளே விட்டுவைத்தால் திரவம் மையின் கீழே பக்கவாட்டாகத் தின்று கோடுகளை மெலிவிக்கும். ஆதலின் அருகிலேயே நிற்கவேண்டும்; தேநீர் குடிக்கப் போகலாகாது.

உள்ளே நடப்பது இதுதான். பெரிக்குக் குளோரைட்டிலுள்ள இரும்பு செம்பிலிருந்து ஓர் இலத்திரனைப் பெற்றுப் பெரசு நிலைக்கு இறங்குகிறது. ஒரு செம்பணு இரண்டு இலத்திரன்களை இழப்பதால் அதைக் கரைக்க இரண்டு இரும்பணுக்கள் வேண்டும். செம்பு குளோரைட்டாகி நீரிற் போய்விடுகிறது. திரவம் மஞ்சட் பழுப்பிலிருந்து மெல்லக் கரும்பச்சைக்கு மாறுவதைப் பார்த்து அதன் வலிமை குறைவதை அறியலாம்.

ஐதரோக்குளோரிக்கமிலத்தையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் கலந்து கரைக்கும் முறையும் உண்டு. விரைவானது, தெளிவானது, மலிவானது. ஆயினும் அதிலிருந்து குளோரீன் வாயு கிளம்பக்கூடும். மூடி இறுக்கிய போத்தலில் வைத்தால் வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் அதைத் தொடவேண்டாம் என்பதே எம் அபிப்பிராயம். சிறுவர்களுக்கு உப்பு, வினாகிரி, மருந்துக்கடையில் விற்கும் வலிமை குறைந்த பேரொட்சைட்டு என்னும் மூன்றையும் கலந்து செய்யும் முறை போதும். அதுவும் காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் முன்னிலையில். மிக மெதுவாக நடக்கும், பொறுமை கற்கலாம்.

கரைத்த பின் நன்றாகக் கழுவி, கறுத்த மையை நீக்கி, 0.8 முதல் 1 மில்லிமீற்றர் வரையான துளைகள் இட்டு, உறுப்புகளைச் செருகிப் பற்றாசு வைக்கவேண்டும். பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதும் இவ்வினத்து வேலையே. பேச்சிற் பொடிவைப்பதென்னும் வழக்கு அங்கிருந்து வந்ததென்பர். கடையில் விற்கும் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த கம்பி 190 பாகைக்குள் உருகிவிடுவதால் கற்போருக்கு இலகு. ஈயம் நஞ்சாதலால் வேலை முடிந்து கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். எம் கடற்காற்றிற் செம்பு விரைவிற் கறுக்கும். பைன் மரப் பிசினை மதுசாரத்திற் கரைத்துப் பலகையிற் பூசிவிட்டால் நெடுநாள் நிற்கும்.

சபையோரே, பலகை முடிந்தது. ஆனால் வேலை முடியவில்லை. இப்பேச்சில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேற்றான்.

அந்தக் கரும்பச்சைத் திரவத்தை என்ன செய்வது? பலரும் செய்வது, கோடியிலே கொண்டுபோய் ஊற்றுவது. ஒரு கணக்குப் பார்ப்போம். பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் அகலமும் உள்ள ஒரு தகட்டிலுள்ள செம்பின் நிறை ஏறக்குறைய 3 கிராம். முற்றும் கரைத்தால் அவ்வளவும் திரவத்தினுள் இருக்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற் செம்பு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதன்படி ஒரு பலகையின் செம்பு ஆயிரத்தைந்நூறு லீற்றர் நீரை எல்லைக்குக் கொண்டுவரும். மூன்று மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் இரண்டு மீற்றர் ஆழத்துக்கு நீர் இருந்தால் அது ஏறக்குறைய 14,000 லீற்றர். ஒன்பது பலகைகள் போதும்! மீன்களுக்கோ இதனிலும் மிகச் சிறிய அளவே கொடிது.

எம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லினுள் தங்கும் மழைநீரையே. சுண்ணக்கல் அமிலத்தை நடுநிலையாக்கிச் செம்பிற் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்று இரசாயனம் கற்ற ஒருவர் வாதிக்கலாம். அது மெய்யே. ஆனால் அக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது எந்தப் பொந்தால் எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று எவராலும் சொல்லமுடியாது. எம் வீட்டுக் கோடியில் ஊற்றியது அயல்வீட்டு வாளியில் வரலாம். வினாகிரி முறைக்கும் இது பொருந்தும். வினாகிரி சமையலறைப் பொருள் என்பதால் எஞ்சிய நீரும் குற்றமற்றது என்று சிலர் எண்ணுகிறார்கள். எந்த வழியிற் கரைத்தாலும் கரைந்தது செம்பே.

ஆகையாற் செய்யவேண்டியது இது. முதலாவது, திரவத்தை வீணே எறியாமல் மீண்டும் மீண்டும் பாவித்தல். நாம் மேலே சொன்ன அளவிற் கரைத்த ஒரு லீற்றர், கணக்கின்படி பதினெட்டு முழுத் தகடுகளைக் கரைக்கவல்லது. வரவர வேகம் குறைவதால் அதிற் பாதியையே எதிர்பார்க்கலாம். வெற்றிடங்களைச் செம்பாக விடுங்கள் என்று முன்னர்ச் சொன்னதன் காரணமும் இதுவே: கரையும் செம்பு பாதியானாற் பலகையின் தொகை இரட்டிக்கும்.

வலிமை முற்றும் குன்றிய பின், பழைய இரும்பாணிகளை அத்திரவத்தில் இட்டுச் சில நாள் விடுங்கள். இரும்பு கரைய, செம்பு செந்நிறத் தூளாகப் படியும். மாணவர்கள் பாடப் புத்தகத்திற் படித்த தாக்கவீத வரிசையைக் கண்ணாற் காண இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆணிக்குப் பதிலாக அலுமினியத் தாளை இடாதீர்கள். பொங்கிக் கொதித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். அடுத்துச் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இடுங்கள். நுரை அடங்கி, மேலும் இட்டால் நுரைக்காத நிலை வரும்வரை இடுங்கள். எஞ்சிய உலோகமெல்லாம் சேறாக அடியில் இறங்கும். பிறகு அத்தனையையும் அகன்ற பிளாஸ்டிக்குத் தட்டில், குழந்தைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில், வெயிலில் வற்றவிடுங்கள். ஆனையிறவு உப்பளத்தை அறிந்த நாட்டவர்க்கு வற்றவைக்கும் வித்தையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்ததைச் சீமெந்தோடு குழைத்து ஒரு கட்டியாக்கிவிட்டால் மழை அதைக் கரைத்துச் செல்வது அரிது. ஒரு பலகைக்காக இவ்வளவு வேலையா என்று தோன்றுகிறதா? தோன்றவேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் தனித்தனிப் போத்தல் வைத்துக்கொள்வது மடமை என்பது அப்போதுதான் விளங்கும்.

இன்னொரு கேள்வி எழும். சீனத்துத் தொழிற்சாலைகள் இத்தகைய ஐந்து பலகைகளைச் சில டொலருக்குச் செய்து அனுப்புகின்றனவே. இரு பக்கமும் செம்பிட்டு, துளைக்குள்ளும் செம்பேற்றி, பச்சைக் காப்புப் பூசி, எழுத்தும் பொறித்து அனுப்புகின்றனவே. நாம் ஏன் கறைபட்ட கையோடு நிற்கவேண்டும்? நியாயமான கேள்வி. பலகை நூறு வேண்டுமானால், அல்லது மிக நுண்ணிய கோடுகள் வேண்டுமானால், அவர்களிடமே வாங்குங்கள். எமது கைவேலை அவர்களோடு போட்டியிடாது. அப்படிச் சொல்லி வாலிபர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் பலகையின் விலை சில டொலராயினும் அனுப்பும் கூலி வேறு, சுங்கம் வேறு, காத்திருக்கும் வாரங்கள் வேறு. 2022இல் இந்நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளே நிறுத்தப்பட்டபோது, சில டொலர் என்பது எத்தனை பெரிய தொகை என்பதை நாம் யாவரும் கண்டோம். அதற்கும் முன், 1990களில், மின்சாரமும் இல்லை, மின்கலமும் தடை என்றிருந்த குடாநாட்டிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் இச்சபையிலேயே இருக்கிறீர்கள். அக்காலத்தில் நாம் பிறக்கவில்லை. ஆயினும் அக்கைத்திறன் எவ்வாறு ஒரு தலைமுறைக்குள் எம் வீடுகளை விட்டுப் போயிற்று என்பது எமக்கு விளங்கவில்லை.

அல்லது விளங்குகிறது என்றே சொல்லிவிடலாம். செம்பை உருக்குவது கன்னார் வேலை, பற்றாசு வைப்பது தட்டார் வேலை, இரும்பை அராவுவது கொல்லர் வேலை என்று பிரித்துவைத்து, அவ்வேலை செய்தோரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர்கள் எம் முன்னோர். உத்தியோகமே புருஷலட்சணம் என்று எமக்குக் கற்பித்தார்கள். அதன் பலன், மின்பொறியியலிற் பட்டம் பெறும் வாலிபர் பலர் ஓர் உருகியைக்கூடத் தம் கையால் மாற்றியறியாமல் வெளியே வருகிறார்கள். பரீட்சைத்தாளிற் சுற்றைத் தீர்ப்பார்கள். சுற்று எரிந்தால் ஆளைக் கூப்பிடுவார்கள். பெரியோர் எம்மேற் கோபங்கொள்ளலாகாது. எம் பிள்ளை கையைச் சுட்டுக்கொள்வான், படிப்பைக் கெடுத்துக்கொள்வான் என்று அஞ்சும் தாய்தந்தையரின் அன்பை நாம் அறிவோம். சூட்டுக்கோல் கையைச் சுடும் என்பதும் மெய்யே. ஒருமுறை சுட்டால் மறுமுறை அதை எங்கே பிடிப்பதென்பதைக் கை தானே அறிந்துகொள்ளும். தண்ணீர்த் தாங்கிக் கருவி ஒன்றைச் செய்த மாணவனுக்குத் திரான்சிஸ்டர் பற்றிய பாடத்தை மறுபடி நடத்தவேண்டியதில்லை.

ஆதலால் எமது வேண்டுகோள் ஒன்றே. மண்டபத்தின் பின்விறாந்தையில் ஒரு மேசையையும் பூட்டுள்ள ஓர் அலுமாரியையும் சங்கம் தந்துதவவேண்டும். கரைக்கும் திரவம் அங்கே ஒரே போத்தலில், பெயரெழுதிப் பூட்டப்பட்டிருக்கும். செய்ய விரும்பும் எவரும், எந்தக் குறிச்சியினராயினும், தம் தகட்டைக் கொண்டுவந்து அங்கேயே கரைத்துச் செல்லட்டும். திரவம் எவர் வீட்டுக்கும் போகவேண்டாம். பொற்றொழில் செய்யும் பெரியவர் ஒருவர் பற்றாசு வைக்கும் முறையை எமக்குக் கற்பிக்க இசைந்தால் அவரை ஆசிரியர் கதிரையில் இருத்திக் கேட்போம். தலைவர் அவர்கள் இசைந்தால் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தொடங்கலாம். வருபவர்கள் ஒரு துண்டுத் தகடும், பழைய உடுப்பும், வீட்டிற் கிடக்கும் துருப்பிடித்த ஆணிகளும் கொண்டுவரவும். சலவைச் சோடாவுக்கு நாம் பொறுப்பு.